ஆள் போகலாம், வீடு போக முடியாது



போன வாரம் ஒரு பழைய மாணவன் கைபேசியில் கூப்பிட்டான். 1991இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். நம் மாவட்டத்தில் அணைக்கட்டு ஓரமாக இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் வளர்ந்தவன். பெயர் வேண்டாம், அவனும் விரும்ப மாட்டான். இப்போது அவனுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

"டீச்சர், அம்மாவுக்கு ஊருக்குப் போக வேணுமாம். நாகப்பட்டினத்தில இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுதெண்டு கேள்விப்பட்டதில இருந்து ஒரே பேச்சு" என்றான். நல்லதுதானேப்பா, அழைத்துக்கொண்டு போய் வா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அவ பாத்துட்டு வாறதுக்குக் கேக்கேல்ல டீச்சர். திரும்பிப் போறதுக்குக் கேக்கிறா. தையல் மெஷின், கிரைண்டர், பீரோ, அப்பாவின்ர சைக்கிள், எல்லாத்தையும் கொண்டு போகோணுமாம். அது ஆக்கள் போற கப்பல், பெட்டி ரெண்டுதான் விடுவாங்கள் எண்டு சொன்னா, 'அப்ப ஆள் போகலாம், வீடு போக ஏலாது' எண்டு சொல்லிப்போட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா."

அந்த அம்மா சொன்ன வார்த்தைதான் இந்தப் பதிவு. சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள். படிக்காமல் லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

பலருக்குக் காங்கேசன்துறை வெறும் பெயர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில் இருக்கும் துறைமுகம் அது. மாவிட்டபுரம் கோயிலுக்குத் தில்லையில் இருந்து காங்கேயன், அதாவது நம் முருகன், சிலை வந்து இறங்கிய துறை என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். 1950இல் அங்கே ஒரு சிமென்ட் ஆலை தொடங்கினார்கள். அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆலையும் துறைமுகமும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து. கொழும்பில் இருந்து வரும் வடக்குப் பாதைக்குக் கடைசி நிலையம் அதுதான். கப்பல், ரயில், ஆலை மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். என் மாணவனின் அப்பா அங்கேதான் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார்.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. ஆலை நின்றது. ரயில் நின்றது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களில் இருந்து மக்கள் உடுத்திய துணியோடு கிளம்பினார்கள். துறைமுகம் கடற்படையின் கையில் போனது. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின.

அதற்குப் பிறகு அந்தக் குடாநாடு வாழ்ந்த வாழ்க்கையை இங்கே பலர் அறிய மாட்டார்கள். பெட்ரோல், பேட்டரி, உரம், சிமென்ட் என்று ஒரு பெரிய பட்டியலே போட்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகக்கூடாது என்று தடுத்திருந்தார்கள். மின்சாரம் கிடையாது. ஜாம் பாட்டிலில் துளி மண்ணெண்ணெய் ஊற்றி, திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிமென்ட் ஆலை இருந்த ஊரில், இடிந்த சுவருக்குப் பூச ஒரு படி சிமென்ட் கிடையாது. 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலையை மூடியபோது மறுபடி அதே கதை. அரிசியும் மாவும் கப்பலில் வந்தால்தான் உண்டு. கப்பல் வரும் நாளைப் பார்த்துத்தான் உலை வைத்தார்கள்.

2009இல் போர் முடிந்தது. அடுத்து என்ன நடந்தது என்பதைத் தேதி வாரியாகச் சொல்கிறேன். டீச்சர் புத்தி, போகாது.

2011இல் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன. கடலடியை அளந்தார்கள். மூழ்கிக் கிடந்த கப்பல்களை எடுத்தார்கள். தூர் வாரினார்கள். 2015 ஜனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை போனது. அந்தப் பாதையைப் போட்டது நம் இந்திய அரசு நிறுவனமான இர்கான். 2018இல் துறைமுக மேம்பாட்டுக்கு இந்தியா 4 கோடியே 52 லட்சம் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்தில் இருந்து 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஒரு வாரத்தில், மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். அதே ஆண்டு, கடனாக அல்ல, மானியமாகவே 6 கோடியே 15 லட்சம் டாலர் தருகிறோம் என்று இந்தியா சொன்னது.

நல்ல வேலைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் முடிந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இவ்வளவுக்கும் பிறகு நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே ஓடுவது ஆள் ஏற்றும் கப்பல்தான். பழையபடி, வாரம் தவறாமல், வியாபாரி நம்பி மூட்டை கட்டக்கூடிய சரக்குப் போக்குவரத்து வேர் பிடிக்கவில்லை.

என் அப்பா பொம்மிடி ரயிலடியில் மூட்டை தூக்கியவர். உங்களில் பலருக்குத் தெரியும், மறைக்க ஒன்றும் இல்லை. மாங்காய்க் கூடை, புளி மூட்டை, வெற்றிலைக் கட்டு எல்லாம் அவர் தோளில் ஏறிப் போனவைதான். அவர் ஒரு பேச்சு சொல்வார்: "ஆளு வந்தா டீக்கடை பொழைக்கும். சரக்கு வந்தாத்தான் ஊரு பொழைக்கும்." வண்டியில் ஒரு பயணி இறங்கினால் ஒரு டீ, ஒரு வடை. பத்து மூட்டை இறங்கினால் தூக்குகிறவனுக்குக் கூலி, மாட்டுவண்டிக்காரனுக்கு வாடகை, தரகருக்குக் கமிஷன், கடைக்காரனுக்கு வியாபாரம், சாக்குத் தைக்கிற கிழவிக்குக்கூட நாலு காசு. நான் பயிற்சிப் பள்ளியில் படித்த பொருளாதாரம் எல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

துறைமுகத்துக்கும் இதே கணக்குதான். பயணிகள் கப்பல் உறவைத் தரும். கோயில் பார்க்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம். அது பெரிய விஷயம், எண்பதுகளில் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றபின் ஒரு தலைமுறையே அதற்கு ஏங்கியது. ஆனால் அந்த ஊர்ப் பையன் வெளிநாடு போகாமல் அங்கேயே நிற்க வேண்டும் என்றால் கிரேன் ஓட்டும் வேலை வேண்டும், கிடங்குக் கணக்கு எழுதும் வேலை வேண்டும், லாரி வேண்டும்.

பாதையைப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறை 110 கிலோமீட்டர். நமக்கு ஈரோடு எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஆனால் தமிழ்நாட்டுச் சரக்கு கொழும்பில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் லாரியில் யாழ்ப்பாணம் ஏறிப் போகிறது. ஈரோட்டுக்குப் போக வேண்டிய மூட்டையைச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து திருப்பி ஈரோட்டுக்கு அனுப்புவது போல. அந்த வாடகை எல்லாம் கடைசியில் யார் தலையில் விழும்? யாழ்ப்பாணத்தில் ஒரு கிலோ பருப்பு வாங்குகிற அம்மா தலையில். 2022இல் இலங்கை தவித்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், மருந்துகளும் அனுப்பியது. நானும் என் ஓய்வூதியத்தில் ஒரு சிறு தொகை கொடுத்தேன். அந்தக் கப்பல்களும் கொழும்புக்குத்தான் போயின. எதிர்க்கரையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு துறைமுகம் இருந்தும், சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

இனி எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் போன வாரமே நம் குடும்ப வாட்ஸப் குழுவில் சொன்னேன். மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள்.

முதல் கேள்வி, லாரி வைத்திருக்கும் என் சித்தப்பா மகனுடையது. "அக்கா, நம்ம ஊரில் கடலே கிடையாது. இங்கே இல்லாத பிரச்சனையா? இது எதுக்கு நமக்கு?"

தம்பி, கடல் இல்லாத நம் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனியால் பொறுக்க முடியவில்லை. 1908இல் வ.உ.சி.யோடு சேர்ந்து சிறைக்குப் போனவர் சிவா. சிறை அவருக்குத் தந்தது தொழுநோய். அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1925இல் பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நம் கப்பல் ஓட வேண்டும் என்ற போராட்டத்தில் நின்றவர் உறங்குவது நம் மண்ணில். நமக்கு எதுக்கு என்று கேட்கிற உரிமை வேறு மாவட்டத்துக்கு இருக்கலாம். நமக்கு இல்லை.

உணர்ச்சி வேண்டாம், கணக்கு சொல் என்றால் அதுவும் உண்டு. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியதும் பொம்மிடி மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது நினைவிருக்கிறதா? ஒடெசா துறைமுகம் எங்கே, நம் வாணலி எங்கே! ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று பேசி, அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் கப்பல் 26,000 டன் மக்காச்சோளத்தோடு வெளியே வந்தது. போர் நடக்கும்போதே அங்கே சரக்குக்கு வழி விட்டார்கள். இங்கே போர் முடிந்தும் வழி பிறக்கவில்லை.

இரண்டாவது கேள்வி, காவல்துறையில் இருக்கும் ஒரு மாணவனுடையது. "கடத்தல் பெருகும் டீச்சர்."

கேள்வி நியாயம்தான். ஆனால் கடத்தல் நடப்பது மூடிய கடலில்தானே? முறையான கதவு இருந்து, சுங்க அதிகாரியும், தாவரத் தொற்று பார்க்கும் அதிகாரியும், எடைமேடையும் இருந்தால், நேர்மையான வியாபாரி அந்த வழியே வருவான். கதவைச் சாத்திவிட்டால் எல்லாருமே சுவர் ஏறிக் குதிப்பவர்கள்தான்.

மூன்றாவது கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. கேட்டவள் வேளாண்மை படித்த என் மாணவி. "டீச்சர், நம்ம வெங்காயமும் உருளைக்கிழங்கும் மலிவாகக் கொட்டினால் யாழ்ப்பாணத்து விவசாயி என்ன ஆவான்?"

சரியான கேள்வி, பாப்பா. யாழ்ப்பாணத்துச் செம்மண் விவசாயி கிணற்றுத் தண்ணீரை எண்ணி எண்ணி இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வளர்ப்பவர். பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்து சாலையில் கொட்டும்போது நம் விவசாயி முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் நாம். அந்த முகத்தை இன்னொரு ஊருக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. அவர்கள் அறுவடைக் காலத்தில் அந்தப் பொருள் இறங்கக்கூடாது என்று காலம் வகுத்து விதி போடலாம். அதைவிட முக்கியம், கப்பல் திரும்பும்போது வெறுங்கையோடு வரக்கூடாது. அவர்களுடைய பனாட்டு, ஒடியல், பனைவெல்லம், கடல் உணவு இங்கே வர வேண்டும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை போய் விற்றது. 1938இல் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. அவர்கள் வாங்கித் தின்ன மட்டும் பிறந்தவர்கள் இல்லை, விற்கவும் தெரிந்தவர்கள். ஒருவழிக் கப்பலுக்கு நான் ஆதரவு இல்லை.

மீனவர் பிரச்சனையையும் தள்ளிவைக்க முடியாது. நம் விசைப்படகுகளின் இழுவை வலை அந்தப் பக்கக் கடலடியைச் சுரண்டுகிறது என்று வடக்கு மீனவர்கள் அழுகிறார்கள். நம் மீனவர்கள் சிறையிலும் படகுகள் பறிமுதலிலும் கிடக்கின்றன. இரண்டு பக்கமும் தமிழ் மீனவர்கள், இரண்டு பக்கமும் கண்ணீர். இதைத் தீர்க்காமல் அதே கடலில் சரக்குக் கப்பல் விட்டு, நட்பு மலர்ந்தது என்று பேசினால், கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்களா? நான் பொறியாளர் இல்லை, கப்பல்காரி இல்லை. படித்ததையும் கேட்டதையும் வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

காங்கேசன்துறையைக் கொழும்பு மாதிரி ஆக்கப் பார்க்க வேண்டாம். பெரிய கண்டெய்னர் கப்பலுக்குக் காத்திருந்தால் இன்னும் பதினைந்து ஆண்டு போகும். தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணிகள் காலம் காலமாகச் சரக்கு ஏற்றிப் போகின்றன. அந்த அளவில், சிறு கப்பல்களோடு தொடங்கலாம். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், அது இயற்கை. ஆனால் எந்த மாதம் ஓடும், எந்த மாதம் ஓடாது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிட்டால் வியாபாரி அதற்கு ஏற்ப நடந்துகொள்வான். வியாபாரிக்கு வேண்டியது வேகம் இல்லை, நிச்சயம்.

தூர் வாரினால் மட்டும் துறைமுகம் ஆகிவிடாது. கடலுக்குள் கிடக்கிற இரும்பைவிட, கரையில் கிடக்கிற காகிதத்தை அகற்றுவதுதான் கடினம். உரிமம், வங்கி உத்தரவாதம், சோதனை, வரி எல்லாம் அந்தத் துறைமுகத்திலேயே முடிய வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கொழும்புக்கு ஓட வேண்டும் என்றால் சரக்கும் கொழும்புக்கே போய்விடும். துறைமுக வாசலில் நிற்பவர் சீருடைப் படைவீரராக இல்லாமல் சுங்க அலுவலராக இருக்க வேண்டும். தன் சாமானை இறக்க வருகிறவனுக்குப் பழைய பயம் திரும்பக்கூடாது.

எல்லாவற்றையும்விட, நிலம். வலயத்துக்குள் போன காணிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொடுக்காதவை இருக்கின்றன. துறைமுக விரிவாக்கம் என்ற பெயரில் அவையும் போய்விடக்கூடாது. துறைமுகம் செழிக்கிறது, அந்த மண்ணின் சொந்தக்காரன் நம் அணைக்கட்டு ஓரத்துத் தகரக் கூரைக்குள் கிடக்கிறான் என்றால் அது மீட்பு இல்லை.

"காலம் வந்தால் எல்லாம் தானாக நடக்கும் டீச்சர்" என்றும் சிலர் சொன்னீர்கள். தானாக நடக்காது. 1967 போரில் மூடிய சூயஸ் கால்வாய் 1975 ஜூன் 5இல் திறந்தது. கண்ணிவெடியும் மூழ்கிய கப்பலும் தானாகக் கரையவில்லை, ஆள் இறங்கி எடுத்தார்கள். அது பெரிய நாடுகளின் பாதை, அதனால் எட்டு ஆண்டில் நடந்தது. சின்ன ஊரின் பாதை என்ன ஆகும் தெரியுமா? வெளியூர் உதாரணமே வேண்டாம். நம் பக்கத்து மொரப்பூரைப் பாருங்கள். 1906இல் மொரப்பூர்–தருமபுரி சின்ன ரயில் பாதை போட்டார்கள், பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அதை மூடினார்கள். மறுபடி பாதை வேண்டும் என்று என் அப்பா காலத்தில் பேசினார்கள், என் காலத்தில் மனுக் கொடுத்தார்கள். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நான் இதை எழுதும் இந்த நாள் வரை அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல்!

போர்க்காலத்தில் மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். திறப்பதற்கு யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கிற தலைமுறை செத்துப்போனால், அப்படி ஒரு பாதை இருந்ததே கதையாகிவிடும். காங்கேசன்துறையில் கப்பலில் மூட்டை ஏற்றிய கைகளில் பாதி இப்போது இல்லை. என் மாணவனின் அப்பா முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். அவசரம் இதுதான்.

கடைசியாக ஒன்று. 1991இல் வகுப்பில் துறைமுகங்கள் பாடம் நடத்தினேன். சென்னை, தூத்துக்குடி என்று கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பையன் எழுந்து, "எங்கட ஊரிலயும் இருக்கு டீச்சர்" என்றான். பாடப் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லு, உட்கார் என்றேன். தேர்வில் 'என் தந்தையின் தொழில்' என்று கட்டுரை கேட்டிருந்தேன். "அப்பா கப்பலில் சீமெந்து ஏற்றுகிறவர்" என்று எழுதியிருந்தான். 'சீமெந்து' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'சிமென்ட்' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். அவர்கள் ஊரில் அதுதான் சரியான சொல் என்று எனக்குத் தெரிய இருபது ஆண்டு ஆனது.

போன வாரம் பேசும்போது இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அரை மார்க்குக்கு வட்டி போட்டு, அம்மாவின்ர பீரோவைக் கப்பல்ல ஏத்த வழி செய்யுங்கோ டீச்சர்" என்றான்.

என்னால் முடிந்தது இந்தப் பதிவுதான். உங்களில் பத்திரிகையில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், சுங்கத்தில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் இருக்கிறீர்கள், கட்சியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள்: நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குச் சரக்கு எப்போது போகும்? வீடு திரும்புகிற முகாம் குடும்பம் தன் சாமான்களைக் கொண்டுபோக என்ன ஏற்பாடு? பதில் வரும்வரை கேளுங்கள்.

நான் சொன்னதில் தவறு இருந்தால் கீழே எழுதுங்கள். பெஞ்சு மேல் ஏற்றமாட்டேன். சிவப்பு மையும் இப்போது என் கையில் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பொம்மிடி.